உத்தரவு போட்டாயிற்று, போய்ச் சேர்ந்ததா?
அலுவலகக் கம்ப்யூட்டர்களில் குரூப் பாலிசி தவறுவது ஏன்? சரி செய்வது எப்படி?



மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டால் மட்டும் வியாபாரம் முடிந்துவிடாது. சரக்கு போய்ச் சேர்ந்ததா, எதிர்க் கடைக்காரர் இறக்கிக்கொண்டாரா, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் நமக்கு நிம்மதி. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் இது. ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்தப் பழக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். "சர்வரில் உத்தரவு போட்டாயிற்று" என்று பராமரிப்பாளர் சொன்னதும், எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதன்படி நடக்கின்றன என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒரு மொத்தக் கடையில் கண்டது

நமக்குத் தெரிந்த ஒரு பருப்பு மொத்த வியாபாரியின் அலுவலகம். ஒரு சர்வர், அதோடு இணைந்த எட்டுக் கம்ப்யூட்டர்கள். பென் டிரைவ் மூலம் வைரஸ் வருகிறது என்று கேள்விப்பட்ட முதலாளி, எந்தக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவ் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு போடச் சொன்னார். பராமரிப்பாளரும் சர்வரில் அதைச் செய்தார். அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களில் சோதித்துப் பார்த்தார்கள். பென் டிரைவ் திறக்கவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

கிட்டங்கியில் எடைச்சீட்டுப் போடும் எட்டாவது கம்ப்யூட்டரை யாரும் பார்க்கவில்லை. உத்தரவு அதற்குப் போய்ச் சேரவே இல்லை. மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் ஊழியர் ஒருவர் வீட்டு விசேஷப் படங்களைப் பார்ப்பதற்காக அதில் ஒரு பென் டிரைவைச் செருகினார். அதிலிருந்து வந்த வைரஸ், சர்வரில் பொதுவாகத் திறந்திருந்த பில் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. தனி டிஸ்கில் எடுத்து வைத்திருந்த நகல் பத்து நாள் பழையது. அந்தப் பத்து நாள் பில்களையும் கார்பன் நகல்களிலிருந்தும் லாரி ரசீதுகளிலிருந்தும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. ஜி.எஸ்.டி. மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் 20-ம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை இரண்டு இரவு வீட்டுக்குப் போகவில்லை.

காரணம் என்ன என்று பார்த்தபோது எல்லோருக்கும் வியப்பு. உத்தரவு போடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் இன்டர்நெட் இணைப்பைச் சரி செய்ய வந்தவர், அந்த ஒரு கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அவ்வளவுதான். அது என்ன எண் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பாலிசி என்பது என்ன?

பாலிசி என்றதும் ஆயுள் காப்பீடுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர் உலகில் பாலிசி என்றால் நடைமுறை உத்தரவு. பாஸ்வேர்டு எத்தனை எழுத்து இருக்க வேண்டும், எத்தனை நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும், பென் டிரைவை அனுமதிக்கலாமா, விண்டோஸ் திருத்தங்களை எப்போது ஏற்ற வேண்டும் என்பவை போன்ற விதிகள் இவை. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் இவற்றை அமைக்காமல், சர்வரில் ஒரே இடத்தில் எழுதி எல்லாவற்றுக்கும் அனுப்புவதற்குக் குரூப் பாலிசி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 காலத்தில் இதைக் கொண்டு வந்தது. இன்றும் அலுவலகங்களில் இதுதான் வழக்கம்.

இதற்கு அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சர்வரின் கீழ் ஒரே குடும்பமாகச் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு டொமைன் என்று பெயர். விண்டோஸ் ஹோம் பதிப்பால் டொமைனில் சேர முடியாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததை ஒட்டிப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் விலை குறைவு என்று ஹோம் பதிப்பை வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்வரில் எத்தனை உத்தரவு போட்டாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு அது ஒன்றும் தெரியாது. புரோ பதிப்பாக மாற்றிய பிறகே டொமைனில் சேர்க்கலாம்.

சர்வரே இல்லாமல் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் மட்டும் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. அவர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நேரில் அமைத்துக்கொண்டால் போதும்.

உத்தரவு எப்படிப் பயணம் செய்கிறது?

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சர்வர் உத்தரவைத் தேடிக்கொண்டு போய்க் கொடுப்பதில்லை. கம்ப்யூட்டர்தான் சர்வரைத் தேடி வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போது கம்ப்யூட்டருக்கான உத்தரவும், ஊழியர் தம் பெயரில் உள்ளே நுழையும்போது அவருக்கான உத்தரவும் வாங்கப்படும். பிறகு 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதன் மேல் 0 முதல் 30 நிமிடம் வரை முன்பின்னாகச் சேர்த்து, புதிது ஏதாவது உண்டா என்று கேட்கும். எல்லா லாரிகளும் ஒரே நேரத்தில் வந்தால் சந்தை வாசல் அடைத்துக்கொள்ளும் அல்லவா? அதற்காகத்தான் இந்த முன்பின். ஆகவே உத்தரவு போட்ட உடனே வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். மென்பொருள் நிறுவுவது போன்ற சில உத்தரவுகள் கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தால்தான் செயல்படும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் உத்தரவு சர்வரில் இரண்டு இடங்களில் இருக்கிறது. இன்ன கம்ப்யூட்டருக்கு இன்ன உத்தரவு என்ற குறிப்பு பேரேட்டில் இருக்கும். அந்தப் பேரேட்டுக்கு ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். உத்தரவின் சரக்கு, அதாவது கோப்புகள், சிஸ்வால் என்ற பொது அறையில் இருக்கும். கம்ப்யூட்டர் முதலில் பேரேட்டைப் பார்த்து, பிறகு கிட்டங்கிக்குப் போய்ச் சரக்கை எடுக்கிறது. பேரேட்டில் பதிவு இருந்து கிட்டங்கி பூட்டியிருந்தாலும், கிட்டங்கி திறந்திருந்து பேரேட்டில் பெயர் இல்லாவிட்டாலும் சரக்கு கைக்கு வராது.

முதலில் ரசீதைப் பாருங்கள்

கோளாறைத் தேடும் முன், கோளாறு இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தேகமுள்ள கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறக்கச் சொல்லுங்கள். ஜி, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அடுத்து ரிசல்ட் என்ற சொல்லை இடைவெளியின்றிச் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் ஆர் எழுத்தும் அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதுதான் நமக்கு ரசீது.

அதில் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும். கடைசியாக உத்தரவு வாங்கிய தேதியும் நேரமும் என்ன? எந்த சர்வரிடமிருந்து வாங்கியது? எந்தெந்த உத்தரவுகள் ஏற்கப்பட்டன, எவை ஒதுக்கப்பட்டன? ஒதுக்கப்பட்டவற்றுக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கும். கம்ப்யூட்டர் தினமும் திறந்திருந்தும் கடைசித் தேதி மூன்று மாதத்துக்கு முந்தியது என்றால், அங்கே எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ஜி, பி எழுத்துகளோடு அப்டேட் என்ற சொல்லைச் சேர்த்து அடித்தால் கம்ப்யூட்டர் அந்த நிமிடமே போய்க் கேட்கும். வெற்றி என்றால் அதைச் சொல்லும். தோல்வி என்றால் ஈவென்ட் வியூவர் என்னும் நாள்வழிப் புத்தகத்தில், சிஸ்டம் என்ற பகுதியில், ஓர் எண்ணோடு பதிவு செய்யும். அந்த எண்தான் வழிகாட்டி. இனி வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வரிசையை மாற்றாமல் பார்த்தால் நேரம் மிச்சம்.

முதல் வாசல்: இணைப்பு

1129 என்ற எண் வந்தால், கேட்கப் போன நேரத்தில் சர்வரை அடைய வழி இல்லை என்று பொருள். ஒயர் கழன்றிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், சுவிட்ச் பெட்டிக்கு மின்சாரம் இல்லாமல் இருக்கலாம். நம் கிட்டங்கிகளில் எலிக்கா பஞ்சம்? வைஃபையில் இயங்கும் கம்ப்யூட்டரில் வேறொரு சங்கடம். கம்ப்யூட்டர் திறந்து உத்தரவு கேட்கும் நேரத்தில் வைஃபை இன்னும் பிடித்திருக்காது. பிறகு பிடித்துக்கொள்வதால் ஊழியருக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது. முடிந்தவரை பில் போடும் கம்ப்யூட்டர்களுக்கு ஒயர் இணைப்பே நல்லது. திறக்கும்போது நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்ற அமைப்பும் குரூப் பாலிசியிலேயே இருக்கிறது. அதைப் பராமரிப்பாளரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வாசல்: முகவரி

இதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. அந்தப் பருப்புக் கடையில் நடந்ததும் இதுவே. 1054 என்ற எண் வந்தால் சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் விசாரணை மேசைக்கு டி.என்.எஸ். என்று பெயர். நம் டொமைனுக்குச் சர்வர் எங்கே இருக்கிறது என்பது நம் அலுவலக சர்வரில் உள்ள விசாரணை மேசைக்கு மட்டுமே தெரியும். ஆகவே டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் டி.என்.எஸ். என்ற இடத்தில் நம் சர்வரின் எண்தான் இருக்க வேண்டும். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று பார்க்க வருபவர்கள் அந்த இடத்தில் 8.8.8.8 என்ற பொது எண்ணை அல்லது ரவுட்டர் பெட்டியின் எண்ணைப் போட்டுவிடுவார்கள். இன்டர்நெட் அருமையாக வேலை செய்யும். ஆனால் வெளியூர் விசாரணை மேசையில் போய் நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வழி கேட்டால் யாருக்குத் தெரியும்?

அப்படியானால் மாதக்கணக்கில் யாருமே கவனிக்காதது எப்படி என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். முதலாவது, சர்வரைப் பார்க்க முடியாவிட்டாலும், முன்பு நுழைந்த ஊழியரின் அடையாளத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்து உள்ளே விடும். இரண்டாவது, அந்தக் கடையில் பில் கோப்புகள் இருக்கும் இடத்தை சர்வரின் பெயரால் குறிக்காமல் எண்ணால் குறித்து வைத்திருந்தார்கள். அதனால் விசாரணை மேசை தேவைப்படவில்லை. பில் போடும் வேலை தடையின்றி நடந்தது. வேலை நடந்ததாலேயே கோளாறு மறைந்துகொண்டது.

சரி செய்வது எளிது. டி.என்.எஸ். இடத்தில் நம் சர்வரின் எண்ணை மட்டும் போட வேண்டும். இரண்டாவது இடத்தில் பொது எண் இருக்கட்டுமே என்று விட்டுவைப்பதும் தவறு. அப்படி விட்டால் சில நாள் உத்தரவு வரும், சில நாள் வராது. இத்தகைய கோளாற்றைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இன்டர்நெட் பெயர்களைத் தேடும் வேலையை நம் சர்வரே வெளியில் கேட்டுச் சொல்லும்படி அமைத்துவிட்டால் இரண்டும் நடக்கும்.

மூன்றாவது வாசல்: கடிகாரம்

சர்வரிடம் போகும் கம்ப்யூட்டர் தன்னை அடையாளம் காட்ட ஒரு சீட்டு கொண்டு போகிறது. கெர்பரோஸ் என்ற முறைப்படி தரப்படும் அந்தச் சீட்டில் நேரம் குறித்திருக்கும். சர்வரின் கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சீட்டு செல்லாது. பழைய சீட்டை யாரோ திருடி வந்திருக்கலாம் என்ற எச்சரிக்கைதான் காரணம்.

பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துபோகும். மின்சாரம் போய் வந்தால் தேதியே மாறிவிடும். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற எண்ணுள்ள 3 வோல்ட் பேட்டரி. அதை மாற்றினால் போதும்.

இதைவிடத் தந்திரமான தவறு ஒன்று உண்டு. திரையில் நேரம் சரியாகவே தெரியும். ஆனால் எந்த நாட்டு நேரம் என்ற அமைப்பு தவறாக இருக்கும். உதாரணமாக, அமைப்பு உலகப் பொது நேரத்தில் இருக்க, யாரோ கடிகார முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5½ மணி முன்னே இருக்கிறது. கம்ப்யூட்டர் உள்ளுக்குள் கணக்கிடுவது உலகப் பொது நேரத்தை. ஆகவே சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகும் அந்தக் கம்ப்யூட்டர் உண்மையில் 5½ மணி நேரம் தவறாக ஓடுகிறது. நேரத்தோடு நாட்டு நேர அமைப்பையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நான்காவது வாசல்: உறவு

டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே நமக்குத் தெரியாத ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது. வழக்கமாக 30 நாளுக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் அதைத் தானே மாற்றிக்கொள்ளும். கம்ப்யூட்டரைப் பழைய நகலிலிருந்து மீட்டால், அதனிடம் பழைய பாஸ்வேர்டும் சர்வரிடம் புதியதும் இருக்கும். உறவு முறிந்துவிடும். நுழையும்போதே சர்வருடன் நம்பிக்கை உறவு முறிந்தது என்ற பொருளில் ஆங்கிலத்தில் செய்தி வரும்.

வழக்கமாகச் செய்வது, கம்ப்யூட்டரை டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்ப்பது. ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். விலக்குவதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் விலக்கினால் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. விலக்காமலே உறவைப் புதுப்பிக்கும் கட்டளை பவர்ஷெல்லில் இருக்கிறது; அனுபவமுள்ள பராமரிப்பாளர் முதலில் அதையே முயல்வார்.

ஐந்தாவது வாசல்: கிட்டங்கிக் கதவு

1058 என்ற எண் வந்தால், பேரேட்டில் பதிவு இருக்கிறது, ஆனால் கிட்டங்கியில் உள்ள கோப்பைப் படிக்க முடியவில்லை என்று பொருள். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கோப்புகளைப் பார்க்கும் ஜன்னலின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு, டொமைன் பெயர், மறுபடி ஒரு பின்சாய்கோடு, சிஸ்வால் என்ற பெயர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் அடியுங்கள். அறை திறந்தால் வழி சரி. திறக்காவிட்டால், வைரஸ் தடுப்பு மென்பொருளின் தடுப்புச் சுவர் 445 என்ற வாயிலை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே அந்த வாயில் திறந்திருக்க வேண்டும். ஆனால் இன்டர்நெட் பக்கம் அது மூடியே இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிடக் கூடாது.

இரண்டு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. ஒன்றில் எழுதிய உத்தரவு மற்றதற்கு நகலாகிப் போக வேண்டும். நகல் நின்றுபோனால், எந்த சர்வரிடம் கேட்டதோ அதைப் பொறுத்துச் சில கம்ப்யூட்டர் புது உத்தரவையும் சில கம்ப்யூட்டர் பழைய உத்தரவையும் பின்பற்றும்.

ஆறாவது வாசல்: பெயர்ப் பட்டியல்

மேலே சொன்ன ஐந்தும் சரி, கம்ப்யூட்டரும் வெற்றி என்றே சொல்கிறது. ஆனாலும் குறிப்பிட்ட உத்தரவு மட்டும் நடக்கவில்லை. அப்போது தவறு உத்தரவு எழுதிய இடத்தில் இருக்கிறது.

புதிதாக டொமைனில் சேர்த்த கம்ப்யூட்டர், வழக்கப்படி கம்ப்யூட்டர்ஸ் என்ற பொதுப் பெட்டியில் போய் விழும். அந்தப் பெட்டிக்கென்று தனி உத்தரவு எழுத முடியாது. டொமைன் முழுவதற்குமான உத்தரவு மட்டுமே அதற்குக் கிடைக்கும். பில் பிரிவு, கிட்டங்கிப் பிரிவு என்று பிரித்து உத்தரவு போட்டிருந்தால், கம்ப்யூட்டரை உரிய பிரிவுக்கு நகர்த்த வேண்டும். அதுபோல, ஊழியருக்கான உத்தரவைக் கம்ப்யூட்டர்கள் மட்டும் உள்ள பிரிவில் போட்டாலும் நடக்காது. ஆள் பெயருக்கு வந்த கடிதத்தைக் கடைப் பெயருக்குக் கொடுத்த கதையாகிவிடும்.

பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 2016 ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்கு முன்பு, ஊழியருக்கான உத்தரவை ஊழியரின் பெயரிலேயே கம்ப்யூட்டர் கேட்டு வாங்கியது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரின் பெயரில் வாங்குகிறது. ஊழியருக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுத்து எழுதிய பழைய உத்தரவுகள் இதனால் நின்றுபோயின. ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் அல்லது டொமைன் கம்ப்யூட்டர்ஸ் என்ற குழுவுக்குப் படிக்கும் உரிமை கொடுத்தால் தீர்ந்துவிடும்.

ஏழாவது வாசல்: கம்ப்யூட்டரின் உள்ளே

1096 என்ற எண் வந்தால், உத்தரவுகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரி பால் என்ற கோப்பு படிக்க முடியாதபடி இருக்கிறது என்று பொருள். திடீரென்று மின்சாரம் போவதால் இப்படிக் கோப்பு கெடக்கூடும். கெட்டது அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பு என்றால், அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டு உத்தரவை மறுபடி வாங்கச் செய்ய வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் தனியாகச் செய்திருந்த அமைப்புகள் போய்விடும் என்பதால், அவற்றை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பில் கம்ப்யூட்டருக்கு ஒரு யு.பி.எஸ். வைப்பது இதற்கும் மருந்து.

கிளைக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பு வேகம் வினாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் அதை மெதுவான பாதை என்று கருதி, மென்பொருள் நிறுவுவது போன்ற கனமான உத்தரவுகளைத் தள்ளி வைக்கும். பாதுகாப்பு உத்தரவுகளை எப்போதும்போல வாங்கிக்கொள்ளும். இதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

இது அத்தனை முக்கியமா?

கம்ப்யூட்டர் ஓடுகிறது, பில் வருகிறது, பிறகு எதற்கு இந்தத் தலைவலி என்று சிலர் கேட்கலாம். 2017 மே 12-ல் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது நினைவிருக்கும். அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தும், திருத்தம் போய்ச் சேராத கம்ப்யூட்டர்கள்தாம் அடிபட்டன. மருந்து கிடைத்தது, நோயாளி கைக்குப் போகவில்லை என்ற கதைதான்.

நம் கணக்குகளை ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்கு மின்னணு பில்தான் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் நின்றால் லாரி நிற்கும் காலம் இது. பற்று வரவுப் பேரேடு போய்விட்டால், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாது. முன்பு பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இன்று அந்தப் பூட்டின் வேலையைத்தான் இந்த உத்தரவுகள் செய்கின்றன.

செய்யக் கூடாதவை

உத்தரவு வரவில்லை என்று வைரஸ் தடுப்பை முழுவதுமாக நீக்கிவிடாதீர்கள். எல்லா ஊழியருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்துவிடாதீர்கள். எதையும் பார்க்காமல் உடனே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொல்லாதீர்கள். முகவரி எண்ணில் தவறு இருந்தால் புதிய விண்டோஸிலும் அதே தவறு மறுபடி வரக்கூடும். ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்கள் செய்யாதீர்கள். எது மருந்து, எது நோய் என்று தெரியாமல் போகும். பதறாத காரியம் சிதறாது.

மாதம் ஒரு முறை

நாம் சொல்லும் யோசனை எளியது. ஒரு சாதாரண நோட்டில் அலுவலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரையும் எழுதுங்கள். கிட்டங்கி, கிளைக் கடை, மாடியில் யாரும் அதிகம் தொடாத பழைய கம்ப்யூட்டர் எதையும் விடாதீர்கள். மாதம் ஒரு முறை, இருப்பு எடுக்கும் நாளிலேயே, ஒவ்வொன்றிலும் அந்த ரசீதுப் பட்டியலைப் பார்த்துக் கடைசித் தேதியைக் குறியுங்கள். பென் டிரைவ் தடை போட்டிருந்தால் சுத்தமான பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். இன்டர்நெட் ஆள், பிரிண்டர் ஆள் என்று யார் வந்து போனாலும் மறுநாள் அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் ஒரு முறை பாருங்கள். எட்டுக் கம்ப்யூட்டருக்கு அரை மணி நேரம் போதும். பத்து நாள் பில்லைத் திரும்ப அடிப்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல.

இந்த எண்களையும் நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்:

1129 — இணைப்பு இல்லை. ஒயர், வைஃபை பார்க்கவும்.
1054 — சர்வரின் பெயர் கிடைக்கவில்லை, டி.என்.எஸ். எண் பார்க்கவும்.
1058 — கிட்டங்கிக் கோப்பைப் படிக்க முடியவில்லை. சிஸ்வால் அறை, 445 வாயில் பார்க்கவும்.
1096 — உத்தரவுக் கோப்பு கெட்டிருக்கிறது. பெயர் மாற்றி மறுபடி வாங்கவும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சர்வரில் எழுதி வைத்த உத்தரவும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது காவல். அந்தப் பருப்பு வியாபாரி இப்போது மாதந்தோறும் நோட்டோடு முதலில் போய் நிற்பது கிட்டங்கியில் இருக்கும் அந்த எட்டாவது கம்ப்யூட்டரிடம்தான். உங்கள் கடையில் எட்டாவது கம்ப்யூட்டர் எது என்று இன்று மாலையே பார்த்துவிடுங்கள்.